ராஃபின் அப்பீல்

1845 ஜூன். ஸ்விட்சர்லாந்தில் 23 வயசுப் பையன் ஒருவன் ஜூரிக்கிலிருந்து பாஸல் ஊருக்கு நடந்தே போனான். ஏறக்குறைய 80 கிலோமீட்டர், மழையில். பாஸலில் ஃபிரான்ஸ் லிஸ்ட் பியானோ வாசிக்கிறார், எப்படியாவது கேட்டுவிட வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்து போய்ச் சேர்ந்தால் டிக்கெட் காலி. விஷயம் லிஸ்ட்டின் காதுக்குப் போயிற்று. பையனை மேடைக்கே வரவழைத்து உட்கார வைத்துக்கொண்டு வாசித்தார்.

அந்தப் பையன் யோஆகிம் ராஃப். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை உதறிவிட்டு சங்கீதத்தில் குதித்தவர். பெரும்பாலும் தானாகக் கற்றுக்கொண்டதுதான். பிற்பாடு வைமர் நகரத்தில் லிஸ்ட்டுக்கே உதவியாளராக ஆறு வருஷம் இருந்தார். எந்த இடத்தை எந்த வாத்தியம் வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதுவதில் கெட்டிக்காரர். 11 சிம்ஃபனிகள் எழுதினார். 1870-களில் ஜெர்மனியில் அடிக்கடி வாசிக்கப்பட்ட சிம்ஃபனிகளில் அவருடையவையும் உண்டு. 1882-ல் ஃபிராங்ஃபர்ட்டில் காலமானார். அடுத்த தலைமுறைக்குள் அவருடைய சிம்ஃபனிகளும் ஏறக்குறைய காலமாகிவிட்டன. ரொம்ப நாள் மிஞ்சியது 'கவாட்டினா' என்று வயலினுக்கு எழுதிய சின்ன உருப்படி ஒன்றுதான்.

ஏன் இப்படி? ஒன்று, மனுஷன் எழுதித் தள்ளிவிட்டார். அவருடைய உருப்படிகளின் வரிசை எண் 200-ஐத் தாண்டுகிறது. அத்தனையும் முத்தாக இருக்க முடியாது. இன்னொன்று, அந்தக் காலத்து ஜெர்மன் சங்கீதத்தில் லிஸ்ட்-வாக்னர் கட்சி, பிராம்ஸ் கட்சி என்று இரண்டு. ராஃப் நடுவில் நின்றார். நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் அடி விழும். செத்த பிற்பாடு கொடி பிடிக்க ஆளும் இருக்காது.

இப்போது ஒரு கற்பனை. உங்களிடம் நிறையப் பணம் இருக்கிறது. எண்பது பேர் கொண்ட ஒரு ஆர்க்கெஸ்ட்ராவும் கண்டக்டரும் (டிக்கெட் கிழிப்பவர் அல்ல) தயார். ராஃபை எழுப்பி உட்கார வைக்க ஆசை. எப்படித் திட்டம் போடுவீர்கள்?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் வழியைக் காதல் கல்யாணம் எனலாம். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் குளியலறைக் காட்சியில் கிறீச்சிடும் வயலின்களை மறந்திருக்க மாட்டீர்கள். அதை எழுதிய பெர்னார்ட் ஹெர்மன் ராஃபின் பரம ரசிகர். 1970-ல் லண்டன் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து, ராஃபின் ஐந்தாவது சிம்ஃபனி 'லெனோரே'யைப் பதிவு செய்தார். பதினொன்றில் தனக்குப் பிடித்த ஒன்று. அவ்வளவுதான்.

இரண்டாவது வழி மளிகை லிஸ்ட் (இது வேறு லிஸ்ட்). ஹாங்காங்கில் கிளாவ்ஸ் ஹேமன் என்ற ஜெர்மானியர் 1980-களில் ஆரம்பித்த மார்கோ போலோ கம்பெனி, யாரும் தொடாததைத் தேடித்தேடிப் பதிவு செய்தது. ராஃபின் சிம்ஃபனிகளும் ஒவ்வொன்றாக வந்தன. பலவற்றை வாசித்தது ஸ்லோவாக்கியாவில் கோஷிட்சே நகரத்து ஆர்க்கெஸ்ட்ரா. இந்தப் பதிவுகள் சிலவற்றைக் கேட்டால், வாசிப்பவர்கள் அந்தப் பக்கத்தை இப்போதுதான் புரட்டுகிறார்களோ என்று தோன்றும். ஆனால் குறை சொல்ல மனசு வரவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் ராஃபின் பாதி சிம்ஃபனிகள் வெறும் காகிதம்.

மூன்றாவது வழி, ஒரே ஆர்க்கெஸ்ட்ரா, ஒரே கண்டக்டர், முழு செட். ஸ்விட்சர்லாந்தின் டியூடர் கம்பெனிக்காக ஹான்ஸ் ஷ்டாட்ல்மயர் ஜெர்மனியின் பாம்பெர்க் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துப் பதினொன்றையும் முடித்தார். பொறுமையான, நேர்மையான வேலை.

அப்புறம் நாலாவது வழி: பெரிய கண்டக்டர், பெரிய கம்பெனி. ஜெனீவாவில் நேமே யார்வி சாண்டோஸ் கம்பெனிக்காக இரண்டாவது சிம்ஃபனியையும் 'லெனோரே'யையும் பதிவு செய்தார். இரண்டு வால்யூமும் பிரமாதமான சப்தம். மூன்றாவது வால்யூம் வரவில்லை.

இதில் எது சரி? நான் ரொம்ப நாளாக முதல் கட்சி. பிடித்ததை மட்டும் நன்றாகச் செய்யுங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள் என்று வாதாடுவேன். ராஃபின் முதல் சிம்ஃபனியைக் கேட்டால் நீங்களும் என் பக்கம் வந்துவிடுவீர்கள். தாய்நாட்டுக்குச் சமர்ப்பணம். 70 நிமிஷம். 1863-ல் வியன்னாவில் பரிசு வேறு வாங்கியது. தேசபக்தி இத்தனை நீளமாக இருக்க வேண்டியதில்லை.

என்னை மாற்றியது பத்தாவது சிம்ஃபனி. கடைசி நான்கும் பருவகாலங்கள்: வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம். அதில் பத்தாவது இலையுதிர்காலம். சிறந்ததைப் பொறுக்குபவர்கள் யாரும் தொட மாட்டார்கள். அதன் இரண்டாவது பகுதி பேய்கள் கைகோத்து ஆடும் நடனம். இந்தப் பேய்கள் பயமுறுத்துவதில்லை. சருகு மேல் நடக்கிற மாதிரி பூனைக்கால் வைத்து வந்து போய்விடுகின்றன. மளிகை லிஸ்ட் போட்டு எல்லாவற்றையும் செய்தவர்களால்தான் இது நம் கைக்கு வந்தது. பொறுக்கி எடுத்திருந்தால் குப்பையோடு போயிருக்கும்.

சரி, எல்லாவற்றையும் பதிவு செய்தால் போதுமா? போதாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

'லெனோரே'யை எடுத்துக்கொள்ளுங்கள். பியூர்கர் என்ற ஜெர்மன் கவிஞரின் கதைப்பாடல்தான் ஆதாரம். காதலன் போருக்குப் போகிறான், திரும்பவில்லை. அவள் கடவுளையே சபிக்கிறாள். ஒரு ராத்திரி குதிரையில் வந்து அழைக்கிறான். அவன் கூட்டிப்போவது கல்யாண வீட்டுக்கு அல்ல, கல்லறைக்கு. சிம்ஃபனியின் மூன்றாவது பகுதி படை கிளம்பும் மார்ச். தூரத்தில் மெல்லக் கேட்கிறது, கிட்டே வருகிறது, காதைப் பிளக்கிறது, நடுவில் காதலர்களின் பதற்றமான விடைபெறல், மறுபடி மார்ச் விலகித் தேய்ந்துவிடுகிறது. ஹெர்மனிடம் இது நிதானம். ஒவ்வொரு அடியும் கனக்கிறது, திரும்பப் போவதில்லை என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது. யார்வியிடம் ஓட்டம், இளசுகள் உற்சாகமாகக் கிளம்புகிறார்கள், பின்னால் வரப்போவது அவர்களுக்குத் தெரியாது. ஒரே காகிதம், இரண்டு கதை.

பீத்தோவனின் ஐந்தாவது சிம்ஃபனி ஒரு பதிவில் சப்பென்று இருந்தால் கண்டக்டரைத் திட்டுவோம். ராஃப் சப்பென்று இருந்தால் ராஃபைத் திட்டுகிறோம். ஒரே ஒரு பதிவு இருக்கும்வரை குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டாவது பதிவுதான் சாட்சி. அந்த 70 நிமிஷ முதல் சிம்ஃபனிக்கு இரண்டு பதிவு கேட்டாகிவிட்டது, இரண்டிலும் கொட்டாவி வருகிறது. ஆகவே தீர்ப்பு: குற்றம் ராஃபுடையது. இந்த நியாயம் பத்தாவது சிம்ஃபனிக்கும் கிடைக்க வேண்டும்.

ஆனால் கம்பெனிகளுக்கு 'உலகில் முதல் முறையாக' என்று அட்டையில் போடத்தான் ஆசை. 'உலகில் இரண்டாம் முறையாக' என்று போட்டால் யார் வாங்குவார்கள்?

ஆகவே, பணம் உள்ள அன்பரே, என் யோசனை இது. முதலில் ஒவ்வொரு வாத்தியக்காரருக்குமான தாள்களை ஒரு ஆளை உட்கார வைத்துத் திருத்துங்கள். பழைய அச்சில் பிழை இருக்கும். கண்டக்டரின் பிரதியில் ஒரு ஸ்வரம், ஹார்ன்காரரின் தாளில் இன்னொன்று என்று மைக் முன்னால் தெரிய வந்தால், எண்பது பேர் சம்பளத்தோடு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அடுத்து, பதிவுக்கு முன் ஒரு தடவையாவது ஜனங்கள் முன்னால் வாசிக்கட்டும். கேட்பவர் இருமினால் எந்த இடம் தொய்கிறது என்று தெரிந்துபோகும். கடைசியாக, ஏற்கெனவே வந்துவிட்டது என்பதற்காக எதையும் ஒதுக்காதீர்கள். அதுதான் அவசரமாகச் செய்ய வேண்டியது.

பணம் இல்லாதவர்கள் 'லெனோரே'யின் மார்ச்சை இரண்டு பேரிடமும் கேளுங்கள். அடுத்தடுத்து, ஒரே உட்காரலில். மழையில் 80 கிலோமீட்டர் நடந்த ஆசாமிக்கு இந்த அரைமணி தரலாம்.