ஆய்வு யாருக்காக?

சமூகப் பணித் துறையில் முதுகலைப் பட்டம் பெறுவதற்காகத் தாம் எழுதிய ஆய்வேட்டை நண்பர் ஒருவர் என்னிடம் தந்தார். "படித்துப் பார்த்துக் குறை இருந்தால் கூறுங்கள்" என்றார். கெட்டி அட்டை, பொன்னெழுத்து, உள்ளே ஐந்து அதிகாரங்கள். குடிசைப் பகுதி ஒன்றில் அறுபது குடும்பங்களிடம் கேட்டறிந்த செய்திகள், நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கோடு கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. உழைப்பிலே குறையில்லை. ஆனால் பின்னிணைப்பில் இருந்த வினாப் படிவத்தைப் படித்தேன், வேதனை பிறந்தது.

குடிப்பழக்கம் உண்டா? சேமிக்கும் பழக்கம் உண்டா? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதது ஏன்? இப்படி முப்பது கேள்விகள். அந்தத் தெருவுக்குக் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது? குடிசைக்கு வாடகை வாங்குபவர் யார்? சாதியைக் கேட்டறிந்த பின் வேலை தர மறுத்தவர் உண்டா? இவற்றைக் கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. கடைசி அதிகாரத்தில் முடிவு: மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்பது!

தோழர்களே, கேள்வியிலேயே தீர்ப்பை எழுதி வைத்துவிட்டால், விடை எதற்கு? ஏழையின் குறையை மட்டும் கேட்டால், ஏழையின் குறை மட்டுமே கிடைக்கும். அதற்கு அறுபது வீடு ஏறி இறங்க வேண்டியதில்லை.

"வழிகாட்டும் பேராசிரியர் ஒப்புக்கொண்ட படிவம்தானே?" என்றார் நண்பர். இருக்கலாம். ஆனால், கேள்வியை வகுத்துக் கொடுப்போர் எதிர்பார்க்கும் விடையை மறுத்து எழுத முடியும் என்பதற்குச் சான்றாக ஒரு நூல் இருக்கிறது. அமெரிக்க நாட்டிலே 1899இல் வெளிவந்தது. பெயர், 'தி பிலடெல்பியா நீக்ரோ.' எழுதியவர் டூ பாய்ஸ். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களை ஆராயுமாறு பென்சில்வேனியா பல்கலைக் கழகம் 1896இல் அவரைப் பணித்தது. நகர ஆட்சி சீரழிந்திருந்தது. அதற்குக் கறுப்பரின் குற்றமும் விலைபோகும் வாக்குமே காரணம் என்று பெரிய மனிதர்கள் முன்னரே முடிவு கட்டியிருந்தனர். அந்த முடிவுக்கு ஆராய்ச்சி முத்திரை ஒன்று வேண்டியிருந்தது என்று டூ பாய்ஸே பிற்காலத்தில் எழுதினார்.

அவர் என்ன செய்தார்? மனைவியுடன் அந்த வட்டத்திலேயே குடியேறினார். ஏறக்குறைய 2,500 குடும்பங்களின் கதவைத் தாமே தட்டினார். கையில் ஆறு வகைப் படிவங்கள்: குடும்பத்துக்கு ஒன்று, தனி ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, நிலையங்களுக்கு ஒன்று, பிறர் இல்லத்தில் ஏவல் செய்வோர்க்கு ஒன்று. வீட்டுக்கும் தெருவுக்கும் தனிப் படிவம்! மனிதனை மட்டுமன்றி, அவன் எந்தச் சூழலில் நிறுத்தப்பட்டிருக்கிறான் என்பதையும் அவர் கேட்டார்.

குற்றத்தையும் வறுமையையும் அவர் மறைக்கவில்லை, கணக்கெடுத்தார். ஆனால் அவற்றின் வேர் எது என்றும் தேடினார். அடிமை முறையின் எச்சம், மோசமான வீட்டுக்கு மிகுதியான வாடகை, நிறத்தைக் கண்டதும் சாத்தப்படும் வேலைக் கதவு ஆகியவற்றை எடுத்துக் காட்டினார். அதே பல்கலைக் கழகத்தில் பொறியியல் படித்துத் தேர்ந்த ஒருவர், நற்சான்றுகளோடு வேலையில் சேர்ந்தார். கறுப்பர் என்று தெரிந்ததும் சில மணி நேரத்திலேயே விலக்கப்பட்டார். பின்னர், தம்முடன் படித்த வெள்ளையர் உணவருந்தும் மன்றத்திலே பரிமாறுபவர் ஆனார். இத்தகைய நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார் டூ பாய்ஸ். சோம்பேறி என்ற பட்டம் சூட்டியவர்கள் இதற்கு என்ன விடை சொல்வர்?

நூல் குற்றமற்றது என்று நான் கூறவில்லை. மக்களை நான்கு தரமாகப் பிரித்து, கடைநிலையில் இருந்தோரைக் கடுமையான ஒழுக்கச் சொற்களால் அளக்கிறார் அவர். வேரைக் கண்டவர், கிளையின் மீது கோபம் கொள்வானேன்? படித்தவனின் மேட்டிமை அவரையும் முற்றிலும் விட்டுவிடவில்லை. ஆயினும், ஆய்வாளனின் சொந்தக் கருத்து ஆய்விலே கலந்துவிடும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். தம்மை ஏதோ விந்தை உயிரினம்போல ஆராய்வதை அந்த மக்கள் விரும்பவில்லை என்பதையும் ஒளிக்காமல் பதிவு செய்தார். அந்த நேர்மை, நண்பரின் ஐந்து அதிகாரங்களில் ஒரு வரிக்கும் வாய்க்கவில்லை.

பல்கலைக் கழகம் அவருக்குத் தந்த பரிசு என்ன? நிலையான பேராசிரியர் பதவி தரவில்லை. அவர் அட்லாண்டாவுக்குச் சென்றார், 1963இல் மறைந்தார். 2012இல்தான், மதிப்புறு பேராசிரியர் என்ற சிறப்பை அவர் பெயருக்கு அந்தப் பல்கலைக் கழகம் அளித்தது. உண்மை எழுதியவனுக்குப் பட்டம் தாமதமாகலாம். ஆனால் அந்த உண்மை இன்றும் படிக்கப்படுகிறது.

நண்பரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "முப்பது கேள்விகளில் பதினைந்தை நீக்குங்கள், அந்த இடத்தில் தெருவைப் பற்றியும் கூலியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் கேளுங்கள். நகராட்சி அலுவலகத்தின் கதவையும் தட்டுங்கள். எழுதி முடித்ததும், அந்த அறுபது குடும்பங்களையும் கூட்டி வைத்துப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் 'இது பொய்' என்று சொன்னால், அதையும் ஓர் அதிகாரமாகச் சேர்த்துவிடுங்கள்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படிச் செய்தால் இந்த ஆண்டு பட்டம் கிடைக்காதே!" என்றார்.

கிடைக்காமல் போகலாம். ஆனால் அறுபது குடும்பங்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு, அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் விடை அளித்தன. அவர்களுக்கு என்ன கிடைத்தது? ஆய்வேடு எழுதும் ஒவ்வோர் இளைஞனும் பொன்னெழுத்து அட்டை போடுமுன் இந்தக் கேள்விக்கு விடை எழுதட்டும்!