மூன்றாவது கை

தங்கச்சி கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து அம்மா போனில் ஒரு வேலை சொன்னாள். "அப்பாவையும் அந்தக் குடும்பப் படத்துல சேர்த்துக் குடுடா. நீதான் கம்ப்யூட்டர் வேலைல இருக்கியே." அப்பா போய் நான்கு வருடமாகிறது. கல்யாணத்தில் அவர் இடத்தில் உட்கார்ந்து பெரியப்பாதான் தாரை வார்த்துக் கொடுத்தார்.

எங்கள் ஊர்ப் பக்கம் இது புதிய விஷயமில்லை. ஸ்டுடியோக்காரரிடம் இரண்டு படத்தைக் கொடுத்தால், இறந்துபோன தாத்தாவைப் பேத்தியின் கல்யாணப் படத்தில் நிற்க வைத்து, லேமினேஷன் போட்டுத் தருவார். தாத்தாவின் கழுத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. சிறுவயதில் அந்தக் கோடு எனக்குச் சிரிப்பாக இருந்தது. சினிமாவில் அதே கோடு தெரிந்தால் 'கிராபிக்ஸ் மோசம்' என்று எழுதுகிற தலைமுறை நாம்.

அம்மா கேட்டதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்ய உட்கார்ந்தேன். இரண்டு படங்களை ஒன்றாக்கித் தரும் இணையதளங்கள் எக்கச்சக்கமாக இருக்கின்றன. பாதிக்கு மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டித் தருபவை. அது இணைப்பில்லை, இரண்டு வீட்டுக்கு ஒரே காம்பவுண்ட் சுவர். மீதியில் படத்தை மேலேற்றினால் அது எங்கேயோ ஒரு சர்வருக்குப் போகிறது. தொழில் புத்தி, நெட்வொர்க் டேபைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் முகத்தைத் தெரியாத ஒரு கம்பெனியின் டிஸ்கில் விட்டுவர மனசு வரவில்லை. கடைசியில் பிரவுசருக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும் ஒன்றைப் பிடித்தேன். உள்ளே ஓடுவது கேன்வாஸ். ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வரையச் சொன்னால், வேறெதுவும் சொல்லாதவரை, கேன்வாஸ் செய்வதற்கு 'சோர்ஸ்-ஓவர்' என்று பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் லூகாஸ்ஃபிலிமில் வேலை பார்த்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர் 1984-ல் எழுதிய கட்டுரை இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நான்காவதாக ஆல்ஃபா என்றொரு எண். இந்தப் பிக்சல் எவ்வளவு தூரம் 'இருக்கிறது' என்று அது சொல்லும். மேல்படம் எழுபது சதவீதம் இருந்தால், கீழ்ப்படம் மிச்ச முப்பது சதவீதம் தெரியும். கணக்கு அவ்வளவுதான். ஸ்டுடியோக்காரரின் வெள்ளைக் கோடு வந்தது இந்த எண் அவரிடம் இல்லாததால். கத்தரிக்கோலுக்குத் தெரிந்தது இருக்கிறது, இல்லை என்ற இரண்டு நிலைதான். தலைமுடியின் ஓரம் பாதி இருக்கிறது, பாதி இல்லை.

இந்த வேலை கம்ப்யூட்டரோடு வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. 1850-களில் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்த கடல் படங்களைப் பாருங்கள். அன்றைய கொலோடியன் தகடு நீல வெளிச்சத்துக்கு மட்டும் அதிகமாகக் கிறங்கும். கடல் பதியும்வரை காத்திருந்தால் வானம் வெளுத்துப்போகும். வானத்தைப் பிடித்தால் கடல் கறுத்துவிடும். எனவே அவர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, தொடுவானத்தில் வைத்துச் சேர்த்து அச்சிட்டார். கரை நோக்கி உருண்டு வரும் அலையும் மேலே கனத்த மேகமுமாக 1857-ல் அவர் எடுத்த செட் துறைமுகத்துப் படம் இப்படி வந்ததுதான். பிடித்த மேகங்களை அவர் விடவுமில்லை. ஒரே மேகம் அவருடைய வேறுவேறு கடல்களின் மேல் நிற்கும்.

அதே 1857-ல் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒட்டி 'வாழ்வின் இரு வழிகள்' என்ற பெரிய படத்தைச் செய்தார். விக்டோரியா ராணி ஒரு பிரதி வாங்கினார். எனக்கு அது ஒட்டவில்லை. நாடக மேடையில் எல்லோரும் ஆளுக்கொரு போஸில் உறைந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. உழைப்பு தெரிகிறது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. மறு வருடம் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களில் செய்த 'ஃபேடிங் அவே' வேறு ஜாதி. சாகக் கிடக்கும் ஒரு பெண், அருகே இரண்டு பெண்கள், ஜன்னலோரம் நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஓர் ஆண். அந்தப் பெண்ணாக நடித்தவள் ஆரோக்கியமாக இருந்தவள். இருந்தும் பார்த்தவர்கள் பலர் கலங்கிப்போய்க் கோபப்பட்டார்கள், இவ்வளவு வேதனையைப் படமெடுக்கலாமா என்று. ஓவியமாக வந்திருந்தால் பொறுத்திருப்பார்கள். புகைப்படம் என்பதாலேயே அங்கே நிஜமாக ஒருத்தி செத்துக்கொண்டிருந்தாள் என்று கண் நம்பிவிட்டது.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். ஒட்டிய படம் என்றாலே பொய் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அப்படியென்றால் லெ கிரேயின் கடலை என்ன செய்வது? அந்தக் கரையில் நின்றவன் கண்ணுக்கு வானமும் கடலும் சேர்ந்தேதான் தெரிந்திருக்கும். தகட்டால்தான் முடியவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொரு படம் இருக்கிறது, ஒட்டப்பட்ட இரண்டு பாதியும் முழு நிஜம். 2003 மார்ச் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்தது. ஈராக்கில் பஸ்ரா அருகே ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் தரையில் உட்கார்ந்திருக்கும் மக்களைப் பார்த்துக் கையை நீட்டுகிறான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் எழுந்து வருகிறார். எடுத்தவர் பிரையன் வால்ஸ்கி. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில், ஒன்றில் சிப்பாயின் கை நன்றாக வந்திருந்தது, இன்னொன்றில் குழந்தையோடு வருபவர் நன்றாக வந்திருந்தார். லேப்டாப்பில் இரண்டையும் சேர்த்தார். அந்தப் படத்தை வாங்கிப் போட்ட இன்னொரு பத்திரிகையின் ஊழியர் ஒருவர், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் இரண்டு தடவை வருவதைக் கவனித்தார். வால்ஸ்கி ஒப்புக்கொண்டார், வேலை போயிற்று.

சிப்பாய் நிஜம். குழந்தை நிஜம். இடம் ஒன்றுதான், நேர வித்தியாசமும் கொஞ்சம்தான். பொய் எங்கே இருக்கிறது? நடுவில். அந்தக் கை அந்தக் குழந்தையை நோக்கி நீண்டது என்று படம் சொல்கிறது. அந்த உறவை நடத்தியது போர் இல்லை, லேப்டாப். லெ கிரேயின் மேகம் அலையை எதுவும் செய்வதில்லை. இங்கே ஒருவன் இன்னொருவனுக்கு ஏதோ செய்கிறான், அதைச் செய்தி என்று நம்பி ஊரே முடிவெடுக்கும். தண்டனை சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் அவரைக் காட்டிக்கொடுத்தது விளிம்புக் கோடில்லை. இரண்டு கணத்திலும் இருந்த மனிதர்கள் ஒரே கணத்தில் இரண்டு முறை இருந்தார்கள். நிறத்தை மறைக்கலாம், காலத்தை மறைப்பது கஷ்டம்.

விளிம்பை மறைக்கும் கணக்கும் அதே 2003-ல்தான் வந்தது. பெரெஸ், காங்னே, பிளேக் மூவரும் எழுதிய கட்டுரை. நிறங்களை அப்படியே ஒட்டாதே, பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துவா, ஓரத்தில் புதுப் படத்தின் நிறத்தோடு பொருத்து, உள்ளே இருப்பதைச் சமன்பாடு நிரப்பும் என்கிறது. காலேஜில் அர்த்தம் புரியாமல் மனப்பாடம் செய்த பாய்சான் சமன்பாடு இங்கே வந்து நிற்கும் என்று யார் கண்டது! அதைப் போட்டுப் பார்த்தேன். கோடு போயே போச்சு. ஆனால் மண்டபத்து மரூன் திரையின் நிறம் உள்ளே கசிந்து, அப்பாவின் வெள்ளைச் சட்டை ரோஸ் ஆகிவிட்டது. அவர் உயிரோடு இருந்தால் என்னைத் தொலைத்திருப்பார்.

பழைய வழிக்கே திரும்பினேன். முழு உருவமாக அப்பா நிற்கும் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 2011-ல் பெரியப்பா வீட்டுப் பால்காய்ப்பில் எடுத்தது. அதில் பெரியப்பா பக்கத்தில் நின்று அப்பாவின் தோளில் கை போட்டிருக்கிறார். பெரியப்பாவை வெட்டி எடுத்த பிறகும் கை மட்டும் தோளில் இருந்தது. நான்கு விரல், ஒன்றில் நெளி மோதிரம். அழிப்பதற்கும் கருவி இருக்கிறது. கையின் மேல் தேய்த்தால் கீழே சட்டை இப்படித்தான் இருந்திருக்கும் என்று அதுவே ஊகித்து நிரப்பித் தருகிறது. தந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் அது யாரும் ஒருநாளும் போடாத சட்டைத்துணி. இதுவரை நான் இருந்ததைத்தான் இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். கையை அழித்தால் இல்லாததை வைக்கிறேன். அப்பாவின் உடம்பில், உள்ளங்கை அகலத்துக்கு.

அழிக்காமல் விட்டால் வால்ஸ்கியின் பிரச்சினை வரும். ஏனென்றால் கல்யாணப் படத்தின் வலது ஓரத்தில் பெரியப்பா இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நிற்கிறார். மூன்றாவது கை படத்தின் நடுவில், அப்பாவின் தோளில்.

இரண்டையும் அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "கை இல்லாதது சுத்தமா இருக்கும்மா" என்றேன்.

"கை யாருது?"

"பெரியப்பாவோடது."

"அப்ப இருக்கட்டும். எதுக்கு எடுக்குற?"

இன்னொன்றும் சொன்னேன். 2011 அப்பா இன்றைய அம்மா பக்கத்தில் நின்றால் தம்பி மாதிரி இருக்கிறார், கொஞ்சம் நரை போடவா என்று. "அவரு அப்படியே இருக்கட்டும்டா, நான்தானே கிழவியானேன்" என்று சிரித்தாள்.

அன்று இரவு அம்மாவின் முதல் வாக்கியம் நினைவுக்கு வந்தது. 'அப்பாவையும் சேர்த்துக் குடு.' பள்ளியில் உம்மைகளின் வகை படித்திருப்போம். 'சாத்தனும் வந்தான்' என்றால் அவனுக்கு முன்பே கொற்றன் வந்துவிட்டான் என்பது குறிப்பு. முன்பு நடந்ததைச் சேர்த்தணைத்துக்கொண்டு வருவதால் அதற்கு இறந்தது தழுவிய எச்ச உம்மை என்று பெயர். தமிழாசிரியர் பெயரைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அந்த உம்முக்கு எப்போது வந்தார்கள், பக்கத்தில் நின்றார்களா என்ற கவலையே கிடையாது. வால்ஸ்கியின் படத்தைப் பார்த்த வாசகர்களுக்கு அந்தக் கவலை இருந்தது, இருக்கவும் வேண்டும். எங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் பார்க்கப்போகிற ஒவ்வொருவருக்கும் அப்பா இல்லை என்பது தெரியும். ஏமாற இங்கே ஆளில்லை. அம்மா கேட்டது அந்த உம் மட்டும்தான்.

ஆனால் இதை ரொம்ப நீட்டவும் எனக்குப் பயம். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை வளர்ந்து படத்தைப் பார்த்தால் தாத்தா கல்யாணத்தில் இருந்தார் என்றே நினைக்கும். ஸ்டுடியோக்காரரின் வெள்ளைக் கோடு இருந்திருந்தால் அந்தக் குழந்தை 'இது என்ன கோடு' என்றாவது கேட்கும். கோட்டை அழிப்பதற்கு நாற்பது வருடம் உழைத்த என் தொழில்காரர்கள்மேல் எனக்கு முதல்முறையாக லேசாக வருத்தம் வந்தது.

பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டினோம். பொங்கலுக்குப் பெரியப்பா வந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார். ஓரத்தில் நிற்கும் தன்னைப் பார்க்கவில்லை. நேராகத் தோளைத்தான் பார்த்தார்.

"இது என் மோதிரம்ல" என்றார். "சின்னவ காலேஜ் ஃபீஸுக்கு வித்தது."

பிறகு சாப்பிடப் போனோம்.