எதிர்வாதியின் கொள்கையை வைத்தே
அபத்தம் காட்டும் வாதமும் அரங்கத்து மரபும்

எடமலைப்பட்டி புதூரில் இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்று நிறுவிப் பழகும் பள்ளி மாணவரும், திருவரங்கத்தில் ஸ்ரீபாஷ்ய காலட்சேபம் கேட்கும் பெரியவரும் பயில்வது ஒரே வாதமுறையைத்தான். மறுக்க வேண்டிய கூற்றை முதலில் உண்மை என்றே வைத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து என்னென்ன வரும் என்று பார்க்கிறார்கள். ஒப்பவே முடியாத ஒன்று வந்து நின்றதும், தொடக்கக் கூற்று பொய் என்று முடிக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் இது முரண்பாட்டு முறை. நம் வாத நூல்களில் தர்க்கம், பிரசங்கம்.

கணக்கில் கைவிடுவதற்கு இருப்பது அந்த ஒரே கூற்று. தத்துவத்தில் எதிரே ஓர் ஆள் இருக்கிறார். நீங்கள் காட்டும் அபத்தத்தைக் கேட்டுவிட்டு அவர் வேறொரு கொள்கையை விட்டுக்கொடுத்துத் தப்பலாம். ‘இது அபத்தமே இல்லை’ என்றும் சொல்லலாம். ஆகவேதான் இந்த வாதத்துக்கு நம்மவர்கள் கடுமையான அளவுகோல்களை வகுத்தார்கள்.

நையாயிகர்

நியாய சூத்திரம் தன் பதினாறு பதார்த்தங்களில் எட்டாவதாகத் தர்க்கத்தை வைக்கிறது. மலையில் புகை தெரிவதால் நெருப்பு உண்டு என்கிறோம். நெருப்பில்லாமலும் புகை இருக்கலாமே என்று ஒருவர் ஐயுற்றால், ‘நெருப்பு இல்லையென்றால் புகையும் இருக்கக்கூடாதே, புகையோ தெரிகிறதே’ என்று தடுப்பது தர்க்கம். அது தனிப் பிரமாணம் அன்று. அனுமானத்துக்குத் துணை மட்டுமே என்பது இவர்கள் துணிபு.

ஐயத்துக்கு எல்லை எது என்று பத்தாம் நூற்றாண்டு உதயணர் கேட்டார். ஐயுறுபவரின் செயலே அவரது ஐயத்தோடு மோதும் இடம்தான் எல்லை என்றார். காரண காரியத்தை நம்பாதவரும் புகை வேண்டுமானால் நெருப்பைத்தான் மூட்டுகிறார். பசித்தால் உணவைத்தான் தேடுகிறார். பின்னால் வந்த ஸ்ரீஹர்ஷர், உதயணரின் சுலோகத்திலேயே சில சொற்களை மாற்றி அவருக்கே திருப்பினார்: மோதல் இருக்கிறதென்றால் மோதுவதற்கு ஐயமும் இருந்தாக வேண்டும், அப்புறம் மோதல் ஐயத்தை எப்படி நிறுத்தும்?

மாத்யமிக பௌத்தர்

நாகார்ஜுனர் இம்முறையை அதன் கடைசி எல்லைக்குக் கொண்டுபோனார். பிறர் கொள்கைக்குள் முரணைக் காட்டுவதோடு சரி. தமக்கென நிறுவ ஒரு கூற்றும் இல்லை என்றார். இது போதுமா என்று அவர் வழிவந்தோரே பிரிந்தார்கள். மறுத்தபின் சொந்த அனுமானமும் வேண்டும் என்றார் பாவவிவேகர். எதிர்வாதியின் கூற்றிலிருந்து அபத்தம் காட்டுவதே போதும் என்றார் சந்திரகீர்த்தி. சொந்தக் கட்சியை நிறுவாமல் பிறரை மறுக்க மட்டும் செய்வதற்கு நையாயிகர் வைத்த பெயர் விதண்டை. நம் பேச்சில் விதண்டாவாதம் வசைச்சொல்லாகிவிட்டது. மாத்யமிகருக்கோ அது கூச்சப்பட வேண்டிய பெயர் அல்ல.

தமிழ் நூல்கள்

மணிமேகலை பல சமயத்தார் வாதங்களையும் கேட்டபின், காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவையையும் அதன் போலிகளையும் பாடமாகக் கேட்கிறாள். நீலகேசி ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என ஒவ்வொருவரையும் அவரவர் கொள்கையை வைத்தே மடக்குகிறாள். குண்டலகேசிக் காப்பியத்தில் இன்று சில செய்யுள்களே எஞ்சியிருக்கின்றன. அதன் தரப்பைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, அதை மறுக்க எழுந்த நீலகேசியும் அதன் உரையும் தந்தது.

சைவத்தில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் வரை பிற தரப்புகளை எடுத்துச்சொல்லி மறுத்த பிறகே சுபக்கத்துக்கு வருகிறார். உமாபதி சிவாசாரியாரின் சங்கற்ப நிராகரணத்தில் அமைப்பே வேறு: ஒரு வாதியை அடுத்த வாதி மறுப்பார், அவரை அவருக்கு அடுத்தவர் மறுப்பார்.

திருவரங்கம்

இம்முறை மிக நுட்பமாகப் பயின்ற இடம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள இந்தத் தீவுதான். நாதமுனிகளின் நியாயதத்துவம், ஆளவந்தாரின் சித்தித்ரயம் என்று தொடங்கிய மரபு இராமானுசரின் ஸ்ரீபாஷ்யத்தில் முதிர்ந்தது. அதன் முதல் சூத்திர உரையில் அத்வைதக் கொள்கையை மகாபூர்வபட்சமாக விரித்துரைத்த பிறகே மகாசித்தாந்தம் தொடங்குகிறது. அந்தப் பூர்வபட்சத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தால், அத்வைதி ஒருவரே எழுதினார் என்று நம்பலாம். அவ்வளவு நேர்மையான எடுத்துரைப்பு.

பிறகு அவித்தை என்னும் கோட்பாட்டின் மேல் ஏழு பொருந்தாமைகள் அடுக்கப்படுகின்றன: ஆச்ரயம், திரோதானம், ஸ்வரூபம், அநிர்வசனீயம், பிரமாணம், நிவர்த்தகம், நிவ்ருத்தி. முதலாவதைப் பார்ப்போம். அவித்தை யாரைப் பற்றி நிற்கிறது? ஜீவனை என்றால், ஜீவன் என்ற பிரிவே அவித்தையால் வந்தது; ஒன்றுக்கு மற்றொன்று ஆதாரம் என்று சுற்றும் அந்யோந்யாச்ரயம் வரும். பிரம்மத்தை என்றால், அறிவே வடிவானதில் அறியாமை எப்படி நிற்கும்? மூன்றாவது இடம் இல்லை.

அத்வைதிகள் இதற்கு மடங்கிவிடவில்லை. வாசஸ்பதி மிசிரர் வழியினர் அவித்தைக்கு இடம் ஜீவனே என்றும், விதையும் முளையும் போல இத்தொடர் தொடக்கமற்றது, ஆகவே குற்றமில்லை என்றும் சொன்னார்கள். விவரண மரபினர் பிரம்மமே இடம் என்றார்கள். விசாரணையைத் தாங்காமை அவித்தைக்குக் குறை அன்று, அணிகலன் என்றார் விமுக்தாத்மர். நீங்கள் காட்டும் அநிஷ்டம் எனக்கு இஷ்டமே என்னும் இந்த விடைக்கு இஷ்டாபத்தி என்று பெயர். வாதம் அதோடு நிற்கவில்லை: அத்வைதத்தை மறுக்கும் வேதாந்த தேசிகரின் சததூஷணியில் இன்று கிடைப்பவை 66 வாதங்கள். 20ஆம் நூற்றாண்டில் அனந்தகிருஷ்ண சாஸ்திரி சதபூஷணி எழுதி அதை மறுத்தார்; உத்தமூர் வீரராகவாசாரியர் பரமார்த்தபூஷணம் எழுதி அவருக்குப் பதில் சொன்னார்.

அளவுகோல்

ஒரு தர்க்கம் தேறுவதற்கு ஐந்து அங்கங்கள் வேண்டும் என்பது நியாய நூலார் கணக்கு. ‘இது உண்டெனில் அது உண்டு’ என்ற தொடர்பு உறுதியாக இருக்க வேண்டும். எதிர்த் தர்க்கத்தால் அது அடிபடக் கூடாது. முடிவு மறுதலையில் போய் நிலைக்க வேண்டும். வந்து சேர்வது எதிர்வாதிக்கே வேண்டாததாக இருக்க வேண்டும். அவர் கட்சிக்கு அது துணைபோகக் கூடாது. நாலாவதுதான் அடிக்கடி தவறுகிறது: நமக்குப் பிடிக்காத முடிவைக் காட்டிவிட்டு எதிர்வாதியை வென்றதாக நினைத்துக்கொள்கிறோம்.

அங்கங்கள் ஐந்தும் கூடினாலும் ஆள் மாறுவார் என்பதற்கு உறுதி இல்லை. திருவரங்கத்தில் இராமானுசரோடு யக்ஞமூர்த்தி என்னும் அத்வைதி 18 நாள் வாதிட்டதாகக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. பதினேழாம் நாள் இராமானுசர் தரப்பு தளர்ந்தது. அன்றிரவு கனவில் காஞ்சிப் பெருமாளான பேரருளாளன் ஆளவந்தாரின் நூலைச் சுட்டினான். மறுநாள் இராமானுசர் நடந்துவந்த தோற்றத்தைக் கண்டே யக்ஞமூர்த்தி வணங்கிவிட்டார் என்பது வரலாறு. அவரே அருளாளப்பெருமாள் எம்பெருமானார். ஞானசாரமும் பிரமேயசாரமும் அவர் பாடியவை. வாதத்தில் வென்றதாகச் சொல்லியிருக்கக்கூடிய இடத்திலும், மனம் மாறியது வாதத்தால் என்று மரபு சொல்லிக்கொள்ளவில்லை.

அப்படியானால் இவ்வாதத்தால் பயன் என்ன? ஒரு கொள்கையைக் கடைசிவரை காப்பாற்ற எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும், எதையெல்லாம் ஒப்ப வேண்டும் என்று அது கணக்குக் காட்டுகிறது. ஏழு பொருந்தாமைகளால் அத்வைதம் அழியவில்லை. அத்வைதி எவற்றை ஒப்பினால் அத்வைதியாக நீடிக்கலாம் என்பது துலங்கியது. அந்தக் கணக்கு செல்லுவதற்கு நிபந்தனை ஒன்றுதான்: மறுக்கப்படும் கொள்கை எதிர்வாதி உண்மையில் கொண்டதாக இருக்க வேண்டும். திருச்சியின் பட்டிமன்ற மேடைகளில் எதிரணி சொல்லாததைச் சொன்னதாக வைத்து, சிரிக்கவைத்து, கைதட்டல் வாங்குவது எளிது. மறுப்பதற்கு முன் எதிரணித் தலைவரைப் பார்த்து ‘உங்கள் கட்சி இதுதானே?’ என்று கேட்டு, அவர் ஆம் என்ற பிறகே தொடங்க வேண்டும் என்று நடுவர்கள் ஒரு விதி வைத்தால், மகாபூர்வபட்சம் எழுதிய ஊரின் மேடைக்கு அது பொருத்தமாக இருக்கும்.