ஒன்றேகால் கோடு

சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் ஜிஎம்டி வாட்ச்சின் பெசலை, அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தை, திருப்பினால் கிளிக் சத்தம் வராது. எண்ணெய் போட்ட மாதிரி வழவழவென்று, லேசான இறுக்கத்தோடு சுற்றும். விட்ட இடத்தில் நிற்கும். 2022-இல் இந்த வாட்ச் வெளிவந்ததிலிருந்து வாட்ச் ஆர்வலர்கள் இதைத்தான் முதல் குறையாகச் சொல்லி வருகிறார்கள். கிளிக் இல்லாத பெசல் மலிவான பெசல் என்பது அவர்கள் கணக்கு. இதை வாங்கிக் கையில் கட்டி வாரங்கள் பல ஆகின்றன. என்னிடமுள்ள மற்ற வாட்ச்சுகள் எல்லாம் பெட்டியில் தூங்குகின்றன. அதற்கு ஒரே காரணம், குறை என்று எல்லோரும் சொல்லும் அந்த வழவழப்புதான்.

மற்ற விவரங்கள் வாட்ச் பிரியர்களுக்குத் தெரிந்தவையே. 42.5 மில்லிமீட்டர் அகலம், 100 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் திறன், ஹார்ட்லெக்ஸ் கண்ணாடி, 4ஆர்34 என்ற ஆட்டோமேட்டிக் எந்திரம், முழுதாக முறுக்கேறினால் 41 மணி நேர ஓட்டம். சாவி கொடுக்கலாம், சாவியை இழுத்தால் விநாடி முள் நிற்கும். அமெரிக்காவில் 475 டாலருக்கு அறிமுகமானது. எங்கள் தலைமுறை வீடுகளில் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த ‘ஃபாரின் வாட்ச்’ என்றால் பெரும்பாலும் சீக்கோ 5-தான். அப்பா கையில் அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தப் பெயர்மேல் எனக்குப் பாசம் உண்டு. அதை மறைத்துக்கொண்டு எழுத விருப்பமில்லை.

இனி அந்தப் பெசலுக்கு வருகிறேன்.

ஜிஎம்டி வாட்ச் என்றால் வழக்கமான மூன்று முட்களோடு நான்காவதாக ஒரு முள். அது நாளுக்கு ஒரு சுற்றுதான் சுற்றும். 24 மணி எண்கள் பொறித்த பெசலில் அது காட்டுவது இன்னொரு ஊரின் நேரம். பான் அமெரிக்கன் விமானிகளுக்காக ரோலெக்ஸ் 1955-இல் ஜிஎம்டி மாஸ்டரைக் கொண்டுவந்தபோது புகழ்பெற்ற ஏற்பாடு இது. நியூயார்க்கிலிருந்து லண்டன் போகிறவருக்கு அழகாக வேலை செய்யும். இரு ஊருக்கும் இடையே முழு மணி வித்தியாசம். நிமிட முள் இரண்டுக்கும் பொது.

நமக்கு அது பொருந்தாது. இந்திய நேரம் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். இந்த வாட்ச்சில் நான்காவது முள்ளைச் சாவியால் நகர்த்தினால் ஒவ்வொரு மணியாகத்தான் தாவும், அரை மணிக்கு நிற்காது. சென்னையில் சரியாக இரவு 8 மணிக்கு டொராண்டோவில் குளிர்காலமானால் காலை 9:30. அந்த நேரத்தில் முள்ளை 9-இல் நிறுத்தலாம், 10-இல் நிறுத்தலாம். ஒன்பதரையில் நிறுத்த வழியில்லை. இந்தியாவில் ஜிஎம்டி வாட்ச் கட்டுகிற பலர் இதைப் பற்றிக் கவலைப்படுவதே கிடையாது. சென்னையில் வாட்ச் ஆர்வலர்கள் கூடும்போது மேசைமேல் புதிதாக வாங்கியதையெல்லாம் பரப்பி வைப்பார்கள். சிவப்பு நீலப் பெசல், பச்சைப் பெசல், பீங்கான் பெசல் என்று கண்ணைப் பறிக்கும். ஒவ்வொன்றிலும் நான்காவது முள் எந்த ஊரையும் காட்டாமல் எங்கேயோ நிற்கும். “எந்த ஊர் நேரம் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டால், “சும்மா, கலருக்கு” என்பார்கள். எனக்கு மனசு கேட்காது. ஒரு முள்ளை நாள் முழுக்கச் சுழல விட்டுவிட்டு அதனிடம் ஒன்றும் கேட்காமல் இருப்பது அந்த எந்திரத்துக்குச் செய்யும் அவமரியாதை.

நம்மவர்கள் போய்ச் சேர்ந்த ஊர்களை எண்ணிப் பாருங்கள். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால். துபாய் ஒன்றரை மணி பின்னால். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் இரண்டரை மணி முன்னால். எங்கே திரும்பினாலும் அந்த அரை மணி உண்டு. ஈழத்தில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான், இலங்கை நேரமும் இப்போது நம் நேரமே. சிங்கப்பூர் விஷயத்தில் ஒரு வேடிக்கை: 1981 டிசம்பர் 31 வரை அங்கே கிரீனிச்சுக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. அன்று இரவு 11:30-க்குக் கடிகாரங்களை நள்ளிரவு 12 ஆக்கி எட்டு மணிக் கணக்குக்கு மாறினார்கள். அதற்கு முன்னால் தஞ்சாவூரிலோ காரைக்குடியிலோ இருந்துகொண்டு சிங்கப்பூர் நேரம் பார்க்க எந்த ஜிஎம்டி வாட்ச்சும் போதும். சரியாக இரண்டு மணிதான் வித்தியாசம்.

நம் அரை மணிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாக வைத்து 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ரயில்கள் ஓடியது மதராஸ் நேரத்தில். மதராஸ் வானாய்வகத்தில் வானியலாளர் கோல்டிங்காம் 1802-இல் கணித்தது அது; கிரீனிச்சுக்கு ஐந்து மணி 21 நிமிடம் முன்னால். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் அமைந்ததால் ரயில்வேக்கு வசதியாக இருந்தது. அரை மணிக்கே தடுமாறுகிற இன்றைய ஜிஎம்டி வாட்ச், 21 நிமிடத்துக்கு என்ன செய்திருக்கும்!

இப்போது அந்த வழவழப்பான பெசல். 24 மணிக்கு ஒரு சுற்று 360 பாகை என்றால் ஒரு மணிக்கு 15 பாகை, அரை மணிக்கு ஏழரைப் பாகை. நிமிடக் கோடுகள் ஆறு பாகைக்கு ஒன்று. ஆக, பெசலில் 24-ஐக் குறிக்கும் முக்கோணத்தை டயலின் 12-க்கு நேரே வைக்காமல் ஒன்றேகால் நிமிடக் கோடு தள்ளி வைத்தால் அந்த அரை மணி கணக்கில் வந்துவிடும். கிளிக் இல்லாத பெசல் என்பதால் ஒன்றேகால் கோட்டில் நிற்கும்.

நான் செய்வது இதுதான். நான்காவது முள்ளைச் சென்னைக்குச் சரியாகப் பத்து மணி பின்னால் வைத்துவிடுகிறேன். குளிர்காலத்தில் டொராண்டோ பத்தரை மணி பின்னால். அப்போது முக்கோணம் ஒன்றேகால் கோடு வலப்பக்கம். மார்ச் இரண்டாவது ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியதும் வித்தியாசம் ஒன்பதரை ஆகிறது; முக்கோணம் ஒன்றேகால் கோடு இடப்பக்கம். நவம்பர் முதல் ஞாயிறில் மறுபடி வலப்பக்கம். சாவியைத் தொடவே வேண்டாம். லண்டனுக்கும் இதே முறை: முள்ளை ஐந்து மணி பின்னால் வைத்துவிட்டால் குளிர்காலத்தில் வலம், கோடையில் இடம். அங்கே மாறுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. விரலால் ஒரு சின்னத் தள்ளல், அவ்வளவுதான். கோடைக்கும் குளிருக்கும் மாறும் ஊர்களுக்கு நம்முடைய அரை மணி இப்படி நடுவில் வந்து உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது காகிதத்தில் சமச்சீராக இரண்டு பக்கமும் ஒன்றேகால் வந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் தீரவில்லை.

கிளிக் உள்ள பெசல்களில் இது நடக்குமா என்று பார்த்தேன். இன்றைய ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் 2-இன் பெசலில் ஒரு சுற்றுக்கு 24 கிளிக், மணிக்கு ஒன்று. அரை மணிக்கு இடமே கிடையாது. முக்குளிப்பு வாட்ச்சுகளில் வழக்கமாக வருகிற 120 கிளிக் பெசல் நுணுக்கமானதுதான், ஆனால் அதிலும் ஒரு கிளிக் மூன்று பாகை. ஏழரைப் பாகைக்கு இரண்டரைக் கிளிக் தேவைப்படும். டியூடர் பிளாக் பே ஜிஎம்டியில் 48 கிளிக். அரை மணிக்குச் சரியாக ஒன்று. அதை வடிவமைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன், விலைதான் நமக்கு எட்டாத உயரத்தில். ரோலெக்ஸின் பழைய 1675 மாடலில் பெசல் கிளிக் இல்லாமல்தான் சுற்றியது. அன்றைக்கு இருந்த வசதியைப் பிற்காலத்தில் உயர்தரம் என்ற பெயரில் எடுத்துவிட்டார்கள். வாஷெரோன் கான்ஸ்டன்டின் போன்றவர்கள் 37 நேர மண்டலங்களை, அரை மணி உட்பட, ஒரே டயலில் காட்டும் வாட்ச் செய்கிறார்கள். அது பல லட்ச ரூபாய் விவகாரம்.

“போனில் உலக நேரம் இருக்கிறதே?” என்று கேட்பார்கள். இருக்கிறது. போனை எடுத்து, திறந்து, தேடிப் பார்த்தால் வரும். ஆனால் நேரத்தை நாம் கேட்டால்தான் போன் சொல்லும். மணிக்கட்டில் இருப்பது கேட்காமலே கண்ணில் படும். இதன் பெசல் பாதி கறுப்பு, பாதி சாம்பல். கறுப்பு அங்கே இரவு, சாம்பல் பகல். அக்கா டொராண்டோவுக்குப் போய் நெடுங்காலம் ஆகிறது. காலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது சிவப்பு நிற நான்காவது முள் கறுப்புக்குள் நுழைந்துவிட்டது தெரிகிறது: அங்கே வேலை முடிந்து வீடு திரும்பியிருப்பாள். மத்தியானம் சாப்பிடும்போது முள் கறுப்பின் ஆழத்தில்: தூங்குகிறாள், போன் செய்யக் கூடாது. முன்பெல்லாம் நான் கூப்பிட்டால் அவளுடைய முதல் வார்த்தை, “தம்பி, இங்க மணி என்ன தெரியுமாடா?” என்பதாக இருக்கும். இப்போது நான் கூப்பிடும் நேரம் அவளுக்குத் தோதாக அமைகிறது. கையைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய நாளில் கொஞ்சம் என் நாளுக்குள் வந்துவிடுகிறது. வாட்ச் செய்கிற வேலைகளில் இதைவிடப் பெரிய வேலை எனக்குத் தெரியவில்லை.

இங்கே இன்னொரு வழக்கையும் தீர்த்துவிட வேண்டும். ஆர்வலர்களிடையே ‘உண்மையான ஜிஎம்டி’ என்றொரு சண்டை உண்டு. உள்ளூர் மணி முள் தனியாகத் தாவினால்தான் உண்மையானது, இந்தச் சீக்கோவைப் போல 24 மணி முள் மட்டும் தாவினால் அது இரண்டாந்தரம் என்பார்கள். விமானத்திலிருந்து இறங்கியதும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறவருக்கு முதல் வகை வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயணம் போகிறவருக்கு மட்டுமா நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது? ஊரிலேயே இருந்துகொண்டு வெளியூரில் உள்ளவரின் நேரத்தைக் கவனிக்கிற அம்மாக்களும் தம்பிகளும் எத்தனை பேர்! அவர்களுக்கு ஏற்றது இந்த வகைதான். உள்ளூர் நேரம் அசையாமல் ஓடும், தூரத்து ஊரின் முள்ளை மட்டும் நகர்த்தலாம். இதை இரண்டாந்தரம் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன்.

ஜிஎம்டி வாட்ச் இல்லாதவர்களுக்காகச் செலவில்லாத ஒரு வித்தையும் உண்டு. சாதாரண முள் வாட்ச்சைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சென்னையில் 10 மணி என்றால் லண்டனில் 4:30 என்று காட்டும். ஐந்தரை மணி வித்தியாசத்தின் கைங்கரியம் அது. அங்கே குளிர்காலமாக இருக்கும்போதுதான் பலிக்கும். இங்கிலாந்தில் டெஸ்ட் மேட்ச் நடப்பது கோடையில் என்பதால் கிரிக்கெட் பார்க்க உதவாது.

எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. சீக்கோ 5 என்றால் தேதியும் கிழமையும் ஒரே சன்னலில் தெரியும். 1963-இல் தொடங்கிய அந்த வரிசையின் ஐந்து குணங்களில் அதுவும் ஒன்று. ஜிஎம்டி மாடலில் கிழமை இல்லை, தேதி மட்டும். டயலில் ‘5’ என்ற சின்னத்தைப் போட்டுவிட்டுக் கிழமையை எடுத்திருக்க வேண்டாம். அங்கே இன்னும் ஞாயிறு இரவு, இங்கே திங்கள் காலை என்பது நம் வீடுகளில் அன்றாடம் வருகிற குழப்பம். தேதியின்மேல் ஒட்டிய பூதக்கண்ணாடியும் எனக்குப் பிடிக்கவில்லை. கண் மங்கிய என் சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆகவே விட்டுவிடுகிறேன். செயின் கல்யாணத்துக்கு நன்றாக இருக்கும், சென்னை வெயிலுக்குத் துணிப் பட்டைதான் சுகம். 22 மில்லிமீட்டர் பட்டை எதுவும் பொருந்தும்.

வாங்க நினைப்பவர்கள், உங்கள் ஆள் எங்கே இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். அடிலெய்டு என்றால் நான்கு மணி, அவர்கள் கோடையில் ஐந்து. யாங்கூன் என்றால் ஒரு மணி. அந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் நம்மைப் போலவே ஓர் அரை மணி இருப்பதால் எந்த ஜிஎம்டி வாட்ச்சும் சரிவரும், பெசலைத் தொட வேண்டியதில்லை. லண்டன், டொராண்டோ, துபாய், சிங்கப்பூர் என்றால் கடையில் விலையைக் கேட்பதற்கு முன்னால் பெசலைத் திருப்பிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரு சுற்றுக்கு 24 கிளிக் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 48 வந்தால், பணம் இருந்தால், வாங்குங்கள். சத்தமே வராவிட்டால், விற்பவர் அதைக் குறையாக நினைத்து மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேச ஆரம்பிப்பார். அவரைத் தடுத்துவிட்டு, முக்கோணத்தை ஒன்றேகால் கோடு தள்ளி வைத்து, அது அங்கேயே உறுதியாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.