சைகோன் புன் ரியூ பட்டியல்களில் காணாமல் போன நண்டு

சைகோனில் (ஹோ சி மின் நகரம்) புன் ரியூ எங்கே சாப்பிடலாம் என்று தேடினால் வரும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். கடைப் பெயர், விலை, கூட்டம், கிண்ணத்தில் எத்தனை அயிட்டம். நண்டைப் பற்றி மட்டும் ஒரு வரி இருக்காது. தக்காளியும் அரிசி நூடுல்ஸும் எந்தக் கடையிலும் கிடைக்கும்ங்க. இந்தச் சூப்பின் உயிரே மேலே மிதக்கும் நண்டுத் திரள்தான்.

அது எப்படி வருகிறது? வயல் நண்டின் மேலோட்டைக் கழற்றிவிட்டு மீதியை அப்படியே உப்போடு இடிக்கிறார்கள். தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சிறு தீயில் ஏற்றுகிறார்கள். உப்புநீரில் கரைந்த தசைப் புரதம் சூடு ஏற ஏற ஒன்றோடொன்று பிணைந்து மேலே வரும். தளதளவென்று கொதிக்கவிட்டால் உடைந்து தூளாகிவிடும்.

இதற்கு நிறைய நண்டும் பொறுமையும் வேண்டும். அதனால் முட்டை, கொத்திய பன்றிக்கறி, உலர்ந்த இறால் சேர்த்துக் கட்டியாக்குவதும் உண்டு. அது மோசடி இல்லை, ருசியாகவே இருக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு பண்டம். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து 1, 2, 3 என்று எண் கொடுப்பதுதான் தப்பு.

"அசல் ஹனோயில்தான், சைகோனில் கிடைப்பது கலப்படம்" என்பது எதிர்க்கட்சி. அதையும் ஏற்க முடியாது. புன் ரியூ வடக்கின் உணவு என்பது சரி. 1954-ல் நாடு பிரிந்தபோது ஏறத்தாழ 8 முதல் 10 லட்சம் பேர் தெற்கே வந்தார்கள். வடக்கத்திச் சமையல் தெற்கில் பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம். வடக்கே அரிசி மதுவின் புளித்த மண்டியைப் புளிப்புக்குச் சேர்ப்பார்கள், தெற்கே புளி. கூடவே ரத்தக்கட்டி, பன்றிக்கால். இதெல்லாம் ஊர் மாறினால் வரும் மாற்றம். நண்டை மறைக்காதவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, எங்கே போவது? பென் தான் சந்தையை ஒட்டிய ஃபான் போய் சாவ் தெருவில் "புன் ரியூ கான்" இருக்கிறது. "கான்" என்றால் தோளில் சுமக்கும் காவடி. தெருவில் சுமந்து விற்ற பழக்கம் பெயரிலேயே இருக்கிறது. முதல் கிண்ணத்துக்கு அங்கே போகலாம். ஆனால் அங்கேயானாலும் வேறெங்கேயானாலும் இரண்டு விஷயம் செய்யுங்கள்.

ஒன்று, பானையை எட்டிப் பாருங்கள். நண்டு மட்டும் என்றால் திரள் மெத்தென்று, கரண்டி பட்டாலே பிரியும். வடை மாதிரி கெட்டியாக நின்றால் முட்டையோ கறியோ சேர்ந்திருக்கும்.

இரண்டு, இறால் விழுதும் எலுமிச்சையும் மிளகாயும் போடுவதற்கு முன்பே ஒரு வாய் குடித்துவிடுங்கள். போட்டபிறகு எல்லாக் கடையும் ஒரே கடைதான்.