முகத்தை அளக்கும் ஆறு படிகள்

கண்ணாடியின் முன் நின்று புருவத்தை உயர்த்துங்கள். கண்களை இறுக மூடுங்கள், புன்னகை செய்யுங்கள். இத்தனை அசைவுகளையும் ஆள்வது முக நரம்பு எனப்படும் ஏழாவது மூளை நரம்பு. இதன் இயக்கத்துக்குத் தரம் குறிக்கும் ஒரு முறையை 1985-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஜான் ஹவுஸ், டெரல்ட் பிராக்மன் இருவரும் வெளியிட்டனர். இன்றும் பரவலாக வழங்கும் இம்முறை எவ்வளவு நல்ல அளவுகோல் என்பதை ஆராய்வோம்.

செவி நரம்புக் கட்டிக்கான அறுவையில் இதன் தேவை மிகுதி. எட்டாவது மூளை நரம்பில், உடற்சமநிலையைக் காக்கும் கிளையைப் போர்த்திய ஷ்வான் செல்களில் இக்கட்டி தோன்றுகிறது. இது புற்றுநோய் அன்று. பெரும்பாலும் மெதுவாகவே வளரும். ஆனால் ஏழாவது, எட்டாவது நரம்புகள் இரண்டும் மண்டையோட்டில் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள குறுகிய கால்வாய் வழியே சேர்ந்து செல்கின்றன. ஆகவே கட்டியை அகற்றும்போது கேள்வித்திறனுக்கும் முக அசைவுக்கும் ஊறு நேரலாம்.

இம்முறையில் 1-ஆம் படி இயல்பான முகம். 6-ஆம் படி அசைவே இல்லாத முகம். புருவமும் வாயோரமும் நகரும் தூரத்தைக் கால் சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாகக் கணக்கிடவும் வழி உண்டு. ஒவ்வொன்றுக்கும் 4, ஆக மொத்தம் 8 புள்ளிகள்.

முதலில் நிறைகளைச் சொல்வோம். மருத்துவர்கள் தம் முடிவுகளை ஒப்பிட எளிய பொதுமொழி கிடைத்தது. முயன்றால் கண் முழுதும் மூடுவது 3-ஆம் படி. முயன்றும் மூடாதது 4-ஆம் படி. இமை மூடாவிட்டால் விழியின் முன்படலம் உலர்ந்து புண்ணாகும், பார்வையே கெடலாம். ஆகவே இந்த எல்லைக்கோடு பொருத்தமான இடத்தில்தான் இருக்கிறது.

இனிக் குறைகள். இது வரிசையே தவிர, சம இடைவெளியுள்ள அளவு அன்று. கனிமங்களின் கடினத்துக்கு மோஸ் வகுத்த வரிசையை நீங்கள் படித்திருப்பீர்கள். அதில் குருந்தக்கல்லுக்கு 9, வைரத்துக்கு 10. ஆயினும் வைரம் குருந்தக்கல்லைவிடப் பன்மடங்கு கடினமானது. அதுபோல, 1-க்கும் 2-க்கும் உள்ள தொலைவும் 3-க்கும் 4-க்கும் உள்ள தொலைவும் ஒன்றல்ல. இப்படிகளைக் கூட்டிச் சராசரி 2.5 என்று எழுதினால் அதற்குப் பொருள் ஏது?

அடுத்து, முழு முகத்துக்கும் ஒரே எண். நெற்றி நன்றாக அசைந்து வாய் கோணியிருந்தால் எந்தப் படி? இக்குறையை நீக்க, முகத்தைப் பகுதி பகுதியாக மதிப்பிடும் சன்னிபுரூக் முறை 1996-இல் வெளியானது. 2009-இல் ஹவுஸ்–பிராக்மன் முறையும் அவ்வாறே திருத்தப்பட்டது.

மூன்றாவது குறை, எண்ணோடு நாளும் எழுதப்படாவிட்டால் நேர்வது. அறுவை முடிந்தவுடன் நன்றாக அசைந்த முகம், சில நாட்கள் கழித்துச் செயலிழப்பதுண்டு. பலருக்கு அது மீள்கிறது. காப்பாற்றப்பட்ட கேள்வித்திறன் பின்னர் மங்குவதும் உண்டு. மிக அரிதாக, அறுவை செய்யாத மறு காதும் பாதிக்கப்பட்டிருக்கிறது. நேரம் குறிக்காமல் ஒரு பொருளின் இடத்தை மட்டும் சொன்னால் அதன் இயக்கம் விளங்குமா?

கேள்வித்திறனுக்குரிய அளவிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 50 டெசிபெலுக்குள் ஒலியைக் கேட்டு, சொற்களில் பாதியையேனும் புரிந்துகொண்டால் அது ‘பயன்படும் கேள்வி’ என்பது பரவலான விதி. ஒருவருக்கு 50, இன்னொருவருக்கு 51 என்றால் முதல்வர் தேறினார், மற்றவர் தவறினார்! ஒரு டெசிபெல் வேறுபாட்டைச் செவி உணர்வதே அரிது.

இது வெறும் கணக்கு வழக்கு அன்று. அறுவையா, கதிர்ச் சிகிச்சையா, கட்டியைக் கண்காணித்து வந்தால் போதுமா என்று முடிவு செய்யும் நோயாளி இவ்வெண்களைத்தான் நம்புகிறார். நூறு பேரில் ஒருவருக்கு நேரும் அரிய பாதிப்பு சராசரியில் கரைந்துவிடும். அந்த ஒருவருக்கோ மூடாத கண் நாள்தோறும் தொல்லை. எனவே, ‘90 விழுக்காடு வெற்றி’ என்று எங்கேனும் படித்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தப் படி வரை வெற்றி? எந்த நாளில் அளந்தது? எஞ்சிய பத்துப் பேருக்கு என்ன நேர்ந்தது?