வெளுத்த கடைவாய்ப்பல்லும் கால்சியம் பசையும்

ஆறு வயதை ஒட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், சில குழந்தைகளுக்கு முளைக்கும்போதே குறையுடன் வருகிறது. பல்லின் ஒரு பகுதி சுண்ணாம்பு வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். மெல்ல மெல்ல அந்த இடம் உதிரும். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். முன்பற்களிலும் இதே திட்டுகள் தென்படலாம். இந்தக் குறைக்கு 2001-இல் ‘மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன்’ என்று பெயர் வைத்தார்கள். பல் மருத்துவர்கள் சுருக்கமாக எம்.ஐ.எச். என்பார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஏறத்தாழ 13, 14 சதவீதக் குழந்தைகளிடம் இது இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக, அபூர்வ நோய் அல்ல. இதற்கு முதல் வைத்தியமாகப் பல இடங்களில் எழுதித் தரப்படுவது கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த பசை. கனிமம் குறைந்திருக்கிறது, கனிமத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அதன் தர்க்கம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பல்லின் எனாமலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், அந்தத் தர்க்கம் பாதி தூரம்தான் வருகிறது.

நல்ல எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். மீதி தண்ணீரும், ஒரு சதவீத அளவே தேறும் புரதமும். அந்தக் கனிமம் ஹைட்ராக்சிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் படிகம். குறையுள்ள எனாமலை நுண் சி.டி. ஸ்கேனில் அளந்தபோது கனிம அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இருக்கும் படிகத்திலும் கார்பனேட் கூடுதலாகக் கலந்திருக்கிறது. கார்பனேட் கூடினால் அமிலத்தில் எளிதில் கரையும். கால்சியம், பாஸ்பரஸ் இரண்டும் குறைவு, கார்பன் அதிகம். அந்தக் கார்பனில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, வெள்ளை, மஞ்சள் திட்டுகளில் புரதம் இயல்பைவிட எட்டு மடங்கும், பழுப்புத் திட்டுகளில் பதினைந்து முதல் இருபத்தொரு மடங்கும் இருப்பதைக் காட்டியது. அது எனாமலை வளர்க்கும் புரதமாக மட்டும் இருந்தால் வளர்ச்சி பாதியில் நின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். அங்கே இருந்ததோ இரத்தத்தில் ஓடும் அல்புமினும் அதைப் போன்ற வேறு சில புரதங்களும். அல்புமின் அபடைட் படிகத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது. எனாமலில் காலி இடம் மட்டும் இல்லை, கனிமம் வரவேண்டிய இடத்தில் வேறொன்று குடியிருக்கிறது. படியில் பாதி உமி கிடக்கும்போது மேலே எவ்வளவு அரிசி கொட்டினாலும் வழியுமே தவிர, படியரிசி சேராது.

கால்சியம் பசை இதற்கென்று பிறந்ததல்ல என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மெல்போர்னில் எரிக் ரெனால்ட்ஸ் குழுவினர் பாலிலுள்ள கேசின் புரதத்திலிருந்து உருவாக்கிய சி.பி.பி.-ஏ.சி.பி. என்னும் கலவை, ஆரம்பச் சொத்தையை மீட்கும் நோக்கத்தில் வளர்ந்தது. அங்கே அதன் தர்க்கம் உறுதியானது. சொத்தையில் நன்றாக உருவான எனாமலை அமிலம் அரித்திருக்கிறது. பாதி கரைந்த படிகங்கள் அப்படியே நிற்கின்றன. எச்சில் ஏற்கெனவே அந்தக் கனிமத்தால் செறிந்தது. கொஞ்சம் கால்சியமும் பாஸ்பேட்டும் ஃபுளோரைடும் கிடைத்தால் அதே படிகங்களின் மேல் வளர்ச்சி தொடரும். எம்.ஐ.எச். பல்லில் அப்படி இல்லை. அதன் எனாமல் ஒருபோதும் முழுமையாக உருவாகவில்லை. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் பிறப்பை ஒட்டிக் கனிமம் ஏறத் தொடங்கி, சுமார் மூன்று வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அதைச் செய்த செல்கள் பல் முளைக்கும்போது மறைந்துபோகின்றன. புரதத்தை வெட்டி வெளியேற்றும் வேலை அவற்றுடையது. அதை இனிச் செய்ய யாரும் இல்லை. குறையும் பெரும்பாலும் உள்ளிருந்து, எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினை ஒட்டிய பகுதியிலிருந்து வெளிநோக்கிப் பரவியிருக்கிறது. லேசான திட்டுகளில் மேற்பரப்பு ஓரளவு கெட்டியாகவே இருப்பதால், பசையிலுள்ள அயனிகள் உள்ளே போகும் வழியும் குறுகல்.

இதற்கு மறுப்பு உண்டு. அது வெற்று மறுப்பும் அல்ல. குறையுள்ள எனாமலை ஆய்வகத்தில் சி.பி.பி.-ஏ.சி.பி. கரைசலில் வைத்துப் பார்த்தபோது கனிம அளவு கூடியது, நுண்துளைகள் குறைந்தன என்று 2013-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. குழந்தைகளிடம் நீண்ட நாள் பசையைப் பூசியவர்களும் முன்னேற்றம் கண்டிருக்கிறார்கள். கூச்சம் குறைவது ஓரளவு திரும்பத் திரும்பப் பதிவாகிறது. இவற்றை ஏற்கிறேன். மேலே உள்ள துளைகள் அடைபட்டால் தண்ணீர் நரம்பைச் சீண்டுவது குறையும். கூச்சம் குறைந்த குழந்தை பல் துலக்கும். துலக்கினால் சொத்தை வருவது தள்ளிப்போகும். பசையின் உண்மையான நன்மை இதுதான், சிறியதும் அல்ல. இந்தப் பற்களின் கூழில் நரம்பிழைகள் அடர்ந்திருப்பதாகவும், மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாமல் போவதாகவும் தெரிந்த பிறகு, கூச்சத்தைக் குறைக்கும் எதையும் எளிதாக ஒதுக்க முடியாது. ஆனால் கனிமம் கூடுவது வேறு, பல் கெட்டியாவது வேறு. ஓர் ஆய்வில் இயல்பான எனாமலின் கடினத்தன்மை சுமார் 3.7 கிகாபாஸ்கல், குறையுள்ள இடத்தில் 0.5 மட்டுமே. கனிமம் ஐந்தில் ஒன்று குறைய, கடினத்தன்மை ஏழில் ஒன்றாகச் சரிந்திருக்கிறது. கனிமத்தின் அளவு ஒன்றே காரணமாக இருந்தால் சரிவு இவ்வளவு இராது. படிகங்கள் ஒன்றையொன்று பற்றும் விதமும், இடையில் நிற்கும் புரதமும் தண்ணீரும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. துளையில் சில சதவீதம் கனிமம் ஏறியதால் கடைவாய்ப்பல் மெல்லும் அழுத்தத்தைத் தாங்கும் என்று யாரும் காட்டிவிடவில்லை.

புரதம்தான் தடை என்றால் அதை அகற்றிவிடலாமே என்பது அடுத்த கேள்வி. அதையும் முயன்றிருக்கிறார்கள். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை ஒரு நிமிடம் வைத்துப் புரதத்தைக் கரைத்துவிட்டு ரெசின் அடைப்பை ஒட்டுவது ஒரு முறை. சில ஆய்வுகளில் ஒட்டும் பலம் கூடியது, சிலவற்றில் கூடவில்லை. மேற்பரப்புப் புரதம் போகலாம். உள்ளே இருப்பது போவதில்லை. ஒட்டிய ரெசின் உதிர்ந்து, விளிம்பு மீண்டும் உடைந்து, திரும்பத் திரும்ப அடைப்பதுதான் இந்தப் பற்களின் வழக்கமான கதை. ஸ்வீடனில் ஒன்பது வயதுக் குழந்தைகளைப் பார்த்தபோது, இந்தக் குறை உள்ளவர்களின் கடைவாய்ப்பற்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அதிக முறை வைத்தியம் நடந்திருந்தது. இதனாலேயே உடையத் தொடங்கிய பல்லை ஈரத்தைத் தாங்கும் கிளாஸ் அயனோமர் என்னும் அடைப்புப் பொருளால் மூடிவைத்து, தேவைப்பட்டால் ஸ்டீல் கேப் போடுவதையே நான் சரியான வழி என்பேன். கேப் அழகாக இராது. ஆனால் அது எனாமலின் வலிமையை நம்பியிருக்கவில்லை.

பசையால் கெடுதல் இல்லையே, கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பால் புரதம் ஒவ்வாத குழந்தைக்கு அது நேரடியாகவே கெடுதல். மற்றவர்களுக்குக் கெடுதல் பசையில் இல்லை, அதை நம்பிக் காத்திருப்பதில் இருக்கிறது. இதனோடு ஒட்டிய இன்னொரு வழக்கம் கால்சியம் மாத்திரை. முளைத்த பல்லின் எனாமலுக்கு இரத்த ஓட்டம் இல்லை. வயிற்றுக்குள் போன கால்சியம் அங்கே போய்ச் சேர வழியே கிடையாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இடங்களில் குழப்பம் இன்னும் கூடும். ஃபுளோரைடால் வரும் வெளுப்பு பல பற்களில் சமச்சீராக, எல்லை மங்கி இருக்கும், எம்.ஐ.எச். திட்டுக்கு எல்லை தெளிவாகத் தெரியும், ஒரு கடைவாய்ப்பல்லில் இருந்து அடுத்ததில் இல்லாமலும் போகலாம். அங்கே நிலத்தடி நீருக்குப் பதிலாக வரும் ஒகேனக்கல் குடிநீர் முந்தையதைத் தடுக்க உதவும். பிந்தையதற்கும் குடிநீருக்கும் தொடர்பில்லை. இரண்டுக்கும் ஒரே பசையை எழுதித் தருவது பல்லைப் பார்க்காமல் எழுதியதற்குச் சமம்.

ஆகவே பசையை விலக்கச் சொல்லவில்லை. கூச்சத்துக்கு என்று சொல்லிக் கொடுக்கட்டும், பல்லைக் கெட்டியாக்கும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். வெள்ளைத் திட்டுக்கு ஃபுளோரைடு வார்னிஷோடு அது போதுமாக இருக்கலாம். பழுப்புத் திட்டுக்குப் பல் முளைத்து முடியும் முன்பே மூடும் வழியைத் தேட வேண்டும். பல் காப்பாற்ற முடியாத அளவு உடைந்திருந்தால் அதை எடுத்துவிடுவதும் ஒரு நல்ல வைத்தியமே. ஆனால் அதற்குக் காலம் உண்டு. சுமார் எட்டு முதல் பத்து வயதுக்குள், இரண்டாம் கடைவாய்ப்பல் தாடைக்குள் வேர்விடத் தொடங்கும் கட்டத்தில் எடுத்தால், அது முன்னே நகர்ந்து இடைவெளியைப் பெரும்பாலும் மூடிவிடும். அதற்குப் பின் எடுத்தால், குறிப்பாகக் கீழ்த்தாடையில், சந்து அப்படியே நின்றுவிடும்.